புரோவெச்சோ என்றால் உடம்பில் ஒட்டட்டும்

எருமப்பட்டியில் தங்கமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் குரலைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பிறவியிலேயே பேச்சு கம்மி என்று சிலர் சொல்வார்கள். அது பொய். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வாயாடிக்கொண்டு திரிந்தான். மீசை அரும்பிய வருஷம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்கு ஏறினான், பேச்சு அதோடு போயிற்று. கம்ப்ரஸர் ஓடுகிறபோது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே எல்லாமே கைச்சாடைதான். விரலைத் தூக்கினால் ராடைத் தூக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, அவ்வளவுதான் பாஷை. வருஷக்கணக்கில் அப்படி இருந்து பழகியவன் வீட்டுக்கு வந்தாலும், சோற்றில் உப்புப் போதவில்லை என்பதற்கு விரலைத்தான் ஆட்டுவான்.

அவன் அக்கா பிரபா உப்பு ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டு, "வாய எந்த ஊர் குழியில போட்டுட்டு வந்த சாமி?" என்று கேட்பாள். அதற்கும் ஒரு தலையாட்டல்தான் பதில்.

அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். நெருங்கிய உறவு என்று இருந்தது இந்த அக்கா மட்டும்தான். இரண்டு தெரு தள்ளி அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பி ஊரில் இருக்கும்போது அவனுக்குச் சமைத்துப் போடுவதும் அவள்தான், அவன் பங்குக்குச் சேர்த்துப் பேசுவதும் அவள்தான். இரண்டையும் அவள் குறைவில்லாமல் செய்தாள். ஒரு குறைதான் அவளால் தீர்க்க முடியவில்லை. தம்பிக்குப் பெண் கிடைக்கவில்லை. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ரிக் வேலைக்காரன் என்றாலே பெண் வீட்டார் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வருஷத்தில் பாதி நாள் ராஜஸ்தான், பாதி நாள் ஒடிசா என்று சுற்றுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்து என்ன செய்வது என்பது அவர்கள் பேச்சு. தலையில் முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறத் தொடங்கியும் தங்கமுத்து தனி ஆளாகவே இருந்தான்.

இந்த நிலையில்தான் அவனுடைய முதலாளி குவாத்தமாலா என்ற தேசத்தில் ஒப்பந்தம் எடுத்து, இரண்டு ரிக் வண்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். டிரில்லராக யார் போவது என்று கேட்டதற்கு மற்றவர்கள் எல்லோரும் மனைவியைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாதவன் தங்கமுத்து ஒருவன்தான். அவனை அனுப்பிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர், வாழப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற கோதுமலைக்குத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தேசத்தில் பேசுவது ஸ்பானிஷ். தமிழே பேசாதவன் ஸ்பானிஷ் பேசி என்ன ஆகப்போகிறது? அவன் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. உதவிக்குக் கூடப் போன ஆட்கள் கொட்டகையில் அரிசி பொங்கித் தின்றார்கள். வண்டியை விட்டு நகரக் கூடாது என்பதால், இவன் மட்டும் வேலை நடந்த இடத்துக்கு எதிரே மார்த்தா என்ற அம்மாள் நடத்திய சின்னச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டான். சோள ரொட்டி, கருப்புப் பயற்றுக் கூட்டு, ஒரு முட்டை. காரம் மட்டும் நம் ஊர்க் காரம். ஆள் குறை சொல்லவில்லை.

முதல் நாள் தட்டில் கை வைத்திருந்தான். தொப்பி போட்ட ஓர் ஆள் கடைக்குள் வந்தார். நேரே போய் உட்காராமல் இவன் மேஜை அருகே நின்று, இவன் முகத்தைப் பார்த்து, "புரோவெச்சோ" என்றார்.

இந்த இடத்தில் எருமப்பட்டிக்காரன் என்ன செய்வான்? சாப்பிடுகிற இடத்துக்கு ஓர் ஆள் வந்து முகம் பார்த்து நின்றால், 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் தனியாகத் தின்றால் அவன் மனுஷனே இல்லை. தங்கமுத்துவும் அதைத்தான் செய்தான். பாஷை தெரியாததால் தட்டையே அந்த ஆள் பக்கம் தள்ளினான். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நம் பக்கத்தில் முதல் வேண்டாம் என்பது வேண்டாம் என்ற கணக்கில் வராது. இவன் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்து, ரொட்டியைக் கையில் திணித்துவிட்டான். அந்த மனிதர் பயத்தோடு பாதி ரொட்டியைத் தின்றுவிட்டுத் தொப்பியைக் கூட மறந்து வெளியே போனார்.

மறுநாள் ஒரு டீச்சரம்மா வந்து அதே வார்த்தையைச் சொன்னாள். முட்டை அவளுக்குப் போயிற்று. அதற்கு மறுநாள் ஒரு போலீஸ்காரர். அவர் உடம்புக்கு இவன் தட்டில் இருந்தது எல்லாம் ஒரு வாய்க்குக் காணவில்லை. வாரம் முடிவதற்குள் தங்கமுத்து இளைத்துப்போனான். அக்காவுக்குப் போன் செய்து, வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினான். இந்தத் தேசத்தில் கொடிய பஞ்சம், யாரைப் பார்த்தாலும் சோறு கேட்கிறார்கள், ஆனால் எல்லோரும் குண்டாக இருக்கிறார்கள், எப்படி என்றுதான் தெரியவில்லை என்றான்.

இத்தனையையும் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மார்த்தா, முதலில் சிரித்தாள், பிறகு இரக்கப்பட்டாள், கடைசியில் அவளே பாடம் எடுத்தாள். இவன் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போனாள். யாரோ போல உள்ளே வந்து, "புரோவெச்சோ" என்றாள். இவன் கை தட்டைத் தள்ளப் போயிற்று. புறங்கையில் பளீரென்று ஓர் அடி. பிறகு இவனை எழுப்பி வாசலில் நிறுத்திவிட்டு, அவள் இவன் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தாள். நீ சொல் என்று சாடை காட்டினாள். சாடை அவனுக்குத்தான் நன்றாகப் புரியுமே. சொன்னான். அவள் தட்டைத் தொடவில்லை. "கிராசியாஸ்" என்று தலையை அசைத்துவிட்டுத் தன்பாட்டுக்குத் தின்றாள். அவ்வளவுதான் சங்கதி. வந்தவனுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். வாழ்த்தை வாங்கிக்கொண்டால் போதும்.

அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் 'பலன்' என்று வேலை மேற்பார்வை செய்த இஞ்சினியர் சொன்னார். பலன் என்றால் என்ன பலன் என்று தங்கமுத்து ராடு இறங்குகிற நேரமெல்லாம் யோசித்தான். தின்கிற சோற்றுக்கு என்ன பலன் உண்டு? உடம்பில் ஒட்ட வேண்டும். சரி, 'உடம்பில் ஒட்டட்டும்' என்றுதான் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினான். படித்தவர்கள் வேறு ஏதாவது சொல்வார்களாக இருக்கும். அவன் சொன்னதுதான் சரி.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். உலகத்தில் அவனுக்கு என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. கடைக்குள் நுழையும்போது சொன்னான், சாப்பிட்டு எழுந்து போகும்போது சொன்னான், ரோட்டோரம் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தவர்களுக்குச் சொன்னான். தெரியாத முகமெல்லாம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. இவ்வளவு சுலபமா பேசுவது என்று அவனுக்கே ஆச்சரியம். இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது பெட்டியில் வேறு பெரிய சாமான் எதுவும் இல்லை. வாயில் இந்த வார்த்தை இருந்தது.

வார்த்தை நல்லதுதான். ஊர் வேறு. நம் பக்கத்தில் ஒருவர் இலையைப் பார்த்து இன்னொருவர் பேசவே கூடாது. பார்த்தாலே கண்ணு பட்டுவிடும். சாப்பிடுகிறவனைப் பார்த்து அர்த்தம் தெரியாத வார்த்தை ஒன்றையும் சொன்னால் கேட்கவா வேண்டும்? டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்களிடம் சொன்னான், பஜ்ஜிகள் பாதி வாயில் நின்றன. கோயில் அன்னதானத்தில் பந்தி நடுவே நடந்துபோய் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே போனான். வரிசையாக எல்லோரும் இடது கையால் இலையை மறைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டி விவகாரம் வந்தது. ஆண்டி அவனுக்குப் பங்காளி முறையில் பெரியப்பா. கிடா வெட்டு விருந்தில், மற்றவர்கள் கை கழுவிய பிறகும் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். தங்கமுத்து அவர் எதிரில் நின்று மனசார, "புரோவெச்சோ பெரியப்பா" என்றான். அன்று சாயங்காலமே அவருக்கு வயிறு போயிற்று. அவர் தின்ற கறிக்கு ஒரு யானைக்கும் போயிருக்கும். ஆனால் அவர் அடுப்பில் மிளகாயும் உப்பும் அள்ளிப் போட்டுத் திருஷ்டி கழித்துவிட்டு, அந்தப் பையன் கடல் தாண்டிப் போய் ஏதோ வாய்க்கட்டு மந்திரம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு முன்னால் சாக்குப் படுதா தொங்கவிட்டார். தங்கமுத்து வருவது தெரிந்தால் அதை இறக்கிவிடுவார்கள்.

பிரபா தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டினாள். இனி அந்த வார்த்தை இந்த ஊரில் கேட்கக் கூடாது என்றாள். அவன் தலையை ஆட்டினான். பெண் வீட்டார் காதுக்குப் போனால் ஏற்கெனவே இல்லாத பெண்ணும் இல்லாமல் போய்விடும் என்றாள். அதற்கும் ஆட்டினான்.

ஆனால் பெண் ஒன்று இருந்தது, அந்தப் பெண்ணிடம் அவன் வார்த்தையைச் சொல்லியும் விட்டான். அது அக்காவுக்குத் தெரியாது.

மோகனூரில் வையாபுரி என்பவரின் மகள் அகல்யா. கோழிப்பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. தரகர் அக்காவுக்குச் சொல்வதற்கு முன்பே அவனுக்கும் அவளுக்கும் போட்டோ கொடுத்து, பேசிப் பார்க்கட்டும் என்று போன் நம்பரையும் கொடுத்திருந்தார். முதல் தடவை பேசியபோது அவள்தான் பேசினாள். இவன் ஆமாங்க, இல்லீங்க, சரிங்க என்ற மூன்றோடு ஓட்டினான். அவளுக்கு அலுத்துவிட்டது. வைப்பதற்கு முன்னால், வெளிநாடு போய் என்னதான் கற்றுக்கொண்டு வந்தீர்கள் என்று சும்மா கேட்டாள். இவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னான். அர்த்தம் சொன்னான். தட்டைத் தள்ளிய கதையைச் சொன்னான். போலீஸ்காரர் வரும் இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் கோழிகள் எல்லாம் கூவின.

பண்ணையில் மத்தியானம் அவள் தனியாகத்தான் சாப்பிடுவாளாம். ஆயிரக்கணக்கான கோழிகள் கூட்டமாகத் தின்கிற இடத்தில், டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு மனுஷி ஒருத்தி மட்டும் தனியாகத் தின்பது ஒரு மாதிரி இருக்கும் என்றாள். "நாளைக்கு நான் சாப்பிடறப்ப போன் பண்ணி அதச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். அவளும் கிராசியாஸ் சொல்லப் பழகிவிட்டாள். ஒரு வார்த்தை போன், ஒரு வார்த்தை பதில். அதற்குள் தங்கமுத்துவுக்கு, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று ஆகிவிட்டது. இந்தப் பெண்ணும் கைவிட்டுப் போனால் தாங்க மாட்டோம் என்பது அவனுக்கே தெரிந்தது.

பெண் சம்மதித்தால் போதாது. அவள் அத்தை, வையாபுரியின் அக்கா சாரதாமணி சம்மதிக்க வேண்டும். தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தவர் அவர். வையாபுரி பெயருக்குத்தான் அப்பா. அக்கா தலையை ஆட்டாமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், அதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது. இலையில் உட்கார்ந்து சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. பிடிக்காவிட்டால், 'ஊருக்குப் போய் ரோசனை பண்ணிச் சொல்றமுங்க' என்று கிளம்பிவிடுவார்கள். ஆகவே பிரபாவின் நோக்கம் ஒன்றே ஒன்று. எப்படியாவது அவர்களைக் கை நனைக்க வைத்துவிட வேண்டும். விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டினாள். பருப்பு, நெய், கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், வடை, பாயசம், வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு. தம்பிக்கு வெள்ளை வேட்டி கொடுத்து, "பரிமாறு. சிரி. கேட்டதுக்குப் பதில் சொல்லு. எவன் எதத் தின்னாலும் நீ வாயத் தொறக்காத" என்றாள்.

வந்தார்கள். சாரதாமணியும் வையாபுரியும், கூட உறவுக்காரர் இரண்டு பேரும். சாரதாமணி ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று விசாரித்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். அகப்பட்டுவிட்டது.

"ஏனுங்க தம்பி, வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்திருக்கறீங்க. எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அங்க என்ன பண்ணுனீங்க?"

"போருங்க."

"அப்பறம்?"

அவன் யோசித்துப் பார்த்தான். "அதானுங்க" என்றான்.

சாரதாமணி பிரபாவைப் பார்த்தார். பிரபா தம்பிக்குக் கூச்சம், நல்ல குணம், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது என்று அடுக்கினாள். சாரதாமணி நேராகக் கேட்டார். எங்கள் பிள்ளை நாள் முழுக்கக் கோழிகளோடு இருக்கிறாள், அந்தக் கோழிகளாவது கத்தும், வீட்டுக்கு வந்தால் இந்தத் தம்பியோடு என்னத்தைப் பேசுவாள் என்றார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஊருக்குப் போய் ரோசனை பண்ணி..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் பிரபா இலை போட்டுவிட்டாள். இலை போட்டதோடு நிற்கவில்லை, சோற்றையும் வைத்து நெய்யையும் ஊற்றிவிட்டாள். சாதம் வைத்த இலையை விட்டுவிட்டு எழுந்து போவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. சாரதாமணிக்கு இந்தத் தந்திரம் புரியாமல் இல்லை. உட்கார்ந்தார். ஆனால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காந்தாச்சு. கை நனைக்கறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். அதுக்கு முன்னால இந்தத் தம்பி ஒரு நாலு வார்த்த பேசட்டும், கேக்கறேன்" என்றார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நெய் உறையத் தொடங்கியது. குடும்பத்துப் பெரிய மனிதர் என்ற முறையில் வந்திருந்த ஆண்டி, தன் இலையில் கை வைக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் ஒப்புட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமுத்து ரசச் செம்போடு நின்றான். நாலு வார்த்தை என்கிறார்கள். எந்த நாலு? பிரபா பின்னாலிருந்து அவன் வேட்டியை இழுத்தாள்.

வையாபுரிக்குக் காலையில் இருந்து பசி. அக்கா கை வைக்காமல் தான் வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. அது தன்பாட்டுக்கு இலையில் இருந்த வடையை எடுத்தது, தன்பாட்டுக்கு வாய்க்குக் கொண்டுபோனது. வடை உதட்டைத் தொட்ட அந்தக் கணத்தில் தங்கமுத்துவின் வாயும் தன்பாட்டுக்குத் திறந்தது.

"புரோவெச்சோ" என்றான். கணீரென்று.

வையாபுரிக்குப் புரை ஏறியது. வடை இலையில் விழுந்தது. ஒருவர் முதுகில் தட்டினார், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். பிரபா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க தம்பி?" என்றார் சாரதாமணி.

பிரபா முந்திக்கொண்டு, அது ஒன்றும் இல்லை, அங்கே ரிக்கில் வண்டியை நிறுத்தச் சொல்கிற வார்த்தை, பழக்கதோஷம் என்றாள். சாரதாமணி அவள் பக்கமே திரும்பவில்லை. தம்பிதான் சொல்ல வேண்டும் என்றார்.

தங்கமுத்து ரசச் செம்பைக் கீழே வைத்தான். போனது போயிற்று என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதும் பயமும் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"அது ஸ்பானிசுங்கம்மா. சாப்பிடறவங்களப் பாத்தாச் சொல்றதுங்க. தின்னது ஒடம்புல ஒட்டட்டும்னு அர்த்தமுங்க. தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னெல்லாம் கெடையாதுங்க, ஆரு வேணா ஆருக்கு வேணாச் சொல்லலாமுங்க. கடைக்குள்ள நொழையறப்பச் சொல்லலாம், தின்னுபோட்டு வெளிய போறப்பவுஞ் சொல்லலாம். இன்னும் மரியாதையாச் சொல்லோணும்னா முன்னால புவென் சேத்துக்கோணும், புவென் புரோவெச்சோன்னு. கேட்டவங்க கிராசியாஸ்னு சொல்லோணும். சொன்னவங்களும் தின்னுட்டு இருந்தா, இகுவால்மென்தேன்னு சொல்லலாம், உங்குளுக்கும் அப்பிடியேன்னு. வாய் நெறையச் சோறு இருந்தாப் பேசப்படாதுங்க. தலைய ஆட்டுனாப் போதும்."

பிரபா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தம்பி இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவனும் நிறுத்துவதாக இல்லை.

"சமைச்சவங்க சொல்லலாம், சமைக்காதவங்களுஞ் சொல்லலாம். ஒண்டியா உக்காந்து தின்னுட்டு இருக்கறவங்களுக்குத்தானுங்க அது ரொம்ப நல்லா இருக்கும். நானும் மொதல்ல சோறு கேக்கறாங்கன்னு நெனச்சுட்டு, வந்தவங்களுக்கெல்லாம் என்ற தட்டத் தள்ளிவுட்டுப்போட்டு ஒரு வாரம் பட்டினி கெடந்தனுங்க."

சாரதாமணியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது சிரிப்பு என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். அது சிரிப்புதான்.

அந்த நேரத்தில் ஆண்டி வாயைத் திறந்தார். பொறுக்க முடியாமல் போய்விட்டது அவருக்கு.

"இந்தப் பையன் சொல்றத நம்பாதீங்க அம்மிணி. அந்த வார்த்தயச் சொன்னா வயிறு நிக்காது. எனக்கே போச்சு. ஊர்ல ஆரைக் கேட்டாலுஞ் சொல்லுவாங்க. உங்க தம்பிக்கு இப்பவே பொறை ஏறிருச்சு பாருங்க. பேசாம எந்திரிச்சுப் போயிருங்க, ஒடம்பப் பாத்துக்கோங்க."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களைப் பெரியப்பாவே எழுந்து போகச் சொல்கிறார். தங்கமுத்து தரையைப் பார்த்தான். மத்தியானம் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

சாரதாமணி ஆண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருக்கு வயிறு நிக்காது? எங்குளுக்கா?" என்றார். "எங்க குடும்பத்துல வயித்துவலின்னு ஒரு ஆளு படுத்தது கெடையாது. எங்கம்மா பச்சப் புளியங்காயத் தின்னுபோட்டு மோர் குடிச்சவ. ஒரு பையன் வாயில இருந்து வர்ற சொல்லுக்கு எங்க வயிறு பயந்துக்குமா?"

ஆண்டி, அது சாதாரணச் சொல் இல்லை, கடல் கடந்து வந்தது என்று விளக்கப் பார்த்தார்.

"எங்கிருந்து வேணா வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாரதாமணி மடியில் இருந்து வலது கையை எடுத்தார். பருப்புச் சோற்றைப் பிசைந்தார். கவளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, இப்பச் சொல்லுங்க" என்றார்.

பிரபா தம்பியை இடித்தாள். "புரோவெச்சோங்க" என்றான்.

"புவெனும் சேத்தி. மரியாதையாவே சொல்லுங்க."

"புவென் புரோவெச்சோங்க."

கவளம் உள்ளே போயிற்று. ஆண்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினார். அக்கா கை நனைத்தது கண்டதும் வையாபுரி விழுந்த வடையை எடுத்துக்கொண்டார். கூட வந்த இரண்டு பேரும் சோற்றில் கை வைத்தார்கள். குழம்புச் சோற்றுக்குச் சாரதாமணி மறுபடி சொல்லச் சொன்னார். ரசத்துக்குச் சொல்லச் சொன்னார். ஒப்புட்டு வந்தது, ஒன்று போதும் என்றவர், ஆண்டி முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று போடச் சொன்னார், அதற்கும் ஒரு தடவை சொல்ல வைத்தார். தங்கமுத்து செம்பும் கரண்டியுமாக வரிசையில் நடந்து நடந்து சொன்னான். வையாபுரி வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். பாடம் அவருக்கு நன்றாகவே ஏறியிருந்தது. கடைசியில் ஆண்டியும் தின்னத்தான் செய்தார். தன் இலைக்கு நேராகத் தங்கமுத்து வரும்போது மட்டும் காதைப் பொத்திக்கொண்டார்.

பாயசம் குடித்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார் சாரதாமணி. உடனே கிளம்பவில்லை. வயிறு என்ன சொல்கிறது என்று இந்தப் பெரியவர் முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். ஆண்டியும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முகம் எப்போது சுளிக்கும் என்று காத்திருந்தார். பிரபா கண்ணை மூடிக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள். தம்பிக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று எத்தனையோ கோயிலில் வேண்டியிருக்கிறாள். ஒரு மனுஷி வயிற்றுக்காக வேண்டியது இதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்தது. முகம் சுளிக்கவில்லை. சாரதாமணி ஓர் ஏப்பம் விட்டார். நீளமான, சுத்தமான ஏப்பம். ஆண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வயலில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். சாரதாமணி காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து வீட்டை இன்னொரு தடவை சுற்றிவந்தார். காலையில் பார்த்த பார்வை வேறு, இந்தப் பார்வை வேறு. படுக்கிற அறையில் நின்று, "இந்தச் சன்னலுக்கு முன்னால பீரோவ வெக்கக் கூடாது. எங்க புள்ளைக்குக் காத்து வேணும்" என்றார். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மஞ்சள் சாயம் இன்னும் விரலில் இருந்தது.

அப்போது வையாபுரியின் போன் அடித்தது. அகல்யா. அவர் அதை அப்படியே அக்காவிடம் நீட்டிவிட்டார். பண்ணையில் கோழிச் சத்தம் பெரிதாக இருந்ததால் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. அவள் கேள்வி எல்லோர் காதிலும் விழுந்தது.

"அத்த, கை நனச்சுட்டீங்களா இல்லியா?"

ரோசனை பண்ணிச் சொல்கிறோம் என்று சாரதாமணி காலையில் பாதியில் விட்ட வாக்கியம் இனி எதற்கும் ஆகாது. அது எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

"மொழங்கை வரைக்கும் நனஞ்சுபோச்சு கண்ணு" என்றார்.

அந்தப் பக்கத்தில் அகல்யா என்ன செய்தாளோ, அத்தை போனைக் காதில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"சிரிக்காத. மாப்பள இங்கதான் நிக்கறாரு."